பாதுகாப்பு மானியம்

ஒரு சொல்லை அதன் சரியான அர்த்தத்தில் எழுதியதற்காக ஊர் சிரிக்க நின்ற ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அந்தச் சொல்லை அச்சடித்த பிளக்ஸ் இன்றைக்கும் எங்கள் மாட்டுக்கொட்டகைக்கு மேலே கிடக்கிறது. மழைக்கு ஒழுகுவதில்லை. "இதுக்காச்சும் ஆச்சே" என்று என் மனைவி ஆனி ரோஸ் வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் உங்களிடம் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் பெனடிக்ட். ஊர் வரதராஜன்பேட்டை. ராணுவத்தில் இருபத்திரண்டு வருடம் கிளார்க் வேலை பார்த்து ஹவில்தாராக வெளியே வந்தவன். துப்பாக்கி பிடித்த நாளைவிடப் பேனா பிடித்த நாள்தான் அதிகம். எந்தச் சண்டைக்குப் போனீர்கள் என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன். ஆனால் ஒரு கடிதம் எழுதச் சொல்லிப் பாருங்கள், அப்போது தெரியும் நான் யாரென்று. அதனால்தான் எட்டு வருடமாக உடையார்பாளையம் வட்டார முன்னாள் படைவீரர் சங்கத்துக்கு நானே செயலாளர். சங்கம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு இரும்பு பீரோ, ஒரு ரப்பர் ஸ்டாம்பு, நூற்று முப்பத்தொரு பெயர் கொண்ட ஒரு பட்டியல். அவ்வளவுதான் சொத்து.

இனி ஆனியின் மாத்திரைக்கு வருகிறேன். எல்லாம் அதிலிருந்துதான் ஆரம்பம்.

அவளுக்குச் சர்க்கரையும் உண்டு, ரத்தக் கொதிப்பும் உண்டு. ராணுவத்தில் ஓய்வு பெற்றவர்களுக்கும் அவர்களுடைய மனைவிமாருக்கும் மருந்து கொடுக்கும் கிளினிக் எங்களுக்குத் திருச்சியில் இருந்தது. மாதம் ஒருமுறை விடியுமுன் கிளம்பி, ஜெயங்கொண்டத்தில் பஸ் மாறி, திருச்சி போய் டோக்கன் வாங்கி, வரிசையில் உட்கார்ந்து, ஒரு மாதத்து மாத்திரையோடு பொழுது சாயத் திரும்புவோம். எனக்கு அது ஒரு சுற்றுலா. பழைய சிநேகிதர்களைப் பார்ப்பேன், டெல்லி அரசியல் பேசுவேன். ஆனி அன்றைக்கு முழுக்கத் தண்ணீரே குடிக்க மாட்டாள். ஏன் என்று நான் கேட்டதே இல்லை. அதுவும் என் லட்சணம்தான்.

ஒருநாள் தலைவலித் தைலம் தேடும்போது அவளுடைய மாத்திரை டப்பாவைத் திறந்தேன். தீர்ந்திருக்க வேண்டிய மாத்திரையில் பாதி அப்படியே இருந்தது. கூடவே ஒரு சின்னச் செப்பு. அதற்குள் கத்தியால் நறுக்கிய அரை மாத்திரைகள்.

"என்ன ஆனி இது?"

"ஒரு மாசத்து மாத்திரைய ரெண்டு மாசத்துக்கு ஓட்டுறேன். அப்ப ஒரு நடை திருச்சி போவ வேணாம்ல."

"ஏன், திருச்சிக்கு என்ன வந்துச்சு?"

"நாலரைக்குப் பஸ் ஏறுறோம். பொழுது சாயற வரைக்கும் ஒண்ணுக்கு அடக்கிக்கிட்டு ஒக்காந்து பாருங்க, தெரியும். நீங்க எங்கயாச்சும் ஓரமா போயிட்டு வந்துடுவீங்க. நான் எங்க போவேன்? முட்டி வேற மடங்க மாட்டேங்குது. இனிமே நான் வரலீங்க. அர மாத்திர போதும் எனக்கு."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். எனக்குப் பயம் வந்துவிட்டது. அரை மாத்திரையில் ஒரு மனுஷி எத்தனை வருடம் ஓட முடியும் என்று யாரிடம் கேட்பது?

அந்த வாரம்தான் நாடாளுமன்றத்தில் பாதுகாப்புத் துறைக்கான நிதி ஒதுக்கீடு நிறைவேறியது. நான் அதை டிவியில் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் சீரியல் பார்க்கும் உரிமை ஆனிக்கு, நாடாளுமன்றம் பார்க்கும் உரிமை எனக்கு. பாதுகாப்புச் செலவு என்றால் விமானமும் பீரங்கியும்தான் என்று ஜனங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். படைவீரர் குடியிருப்பு, ராணுவ ஆஸ்பத்திரி, எங்களைப் போன்ற கிழடுகளின் மருந்து, எல்லாம் அந்த ஒதுக்கீட்டுக்குள்தான் அடக்கம். அங்கே 'ஆம்' என்று குரல் கொடுத்தால் இங்கே மாத்திரை வரும்.

இதை ஆனியிடம் விளக்கினேன். அவள் கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்ப சண்ட கிண்ட வந்துட்டா எம் மாத்திரைய நிறுத்திடுவாங்களா?" என்றாள். நான் டிவி சத்தத்தைக் கூட்டினேன்.

எங்கள் பக்கம் ஒரு கிளினிக் வேண்டும் என்று அன்றைக்கே எழுதிப் போட்டேன். இரண்டு மாதத்தில் சங்கத்துக்குப் பதில் கடிதம் வந்தது. புதிய நிதியில் தமிழ்நாட்டுக்குச் சில கிளினிக்குகள் கிடைத்திருக்கின்றன, அதில் ஒன்று பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டங்களுக்கும் பொது. பெரம்பலூரில் கட்டடம் தயார். உடையார்பாளையம் பக்கம் வேண்டுமென்று நீங்கள் கேட்பதால், குறைந்தது இருநூறு குடும்பங்கள் ராணுவத்திலிருந்து வெளியே வரும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்துடன் நேரில் வந்து காட்ட வேண்டும். பார்வையிட ஒரு கர்னல் வருவார். இதுதான் சாரம்.

பெரம்பலூர் என்றால் எங்களுக்கு மறுபடியும் இரண்டு பஸ். ஆனி அதற்கும் தண்ணீர் குடிக்காமல்தான் கிளம்ப வேண்டும். கிளம்ப மாட்டாள்.

கடிதம் வந்த அன்றே பெரம்பலூர் சங்கத் தலைவர் அழகேசன் போன் போட்டார். பூலாம்பாடிக்காரர், ஓய்வு பெற்ற சுபேதார், என்னைவிடப் பதவியில் பெரியவர். "என்னய்யா பெனடிக்ட், உங்க பட்டியல்ல மொத்தமே நூத்திச் சொச்சம். அதுல பாதிப் பேருக்கு எழுந்து நிக்க முடியாது. பேசாம வுட்டுடு. உங்க முந்திரிக்காட்டு ஊர்ல கொண்டாந்து மாத்திரைய வச்சா முந்திரிக்கொட்டைன்னு வறுத்துத் தின்னுடுவாங்கய்யா" என்று சிரித்தார்.

"பாப்போம் சாப்" என்று வைத்துவிட்டேன். ராணுவத்தில் பெரியவர்களைத் திட்டுவதற்கு அதைவிட மரியாதையான சொல் கிடையாது.

நூற்று முப்பத்தொன்றை இருநூறாக்க என்ன வழி? விளம்பரம்தான். ஒரு தாளை எடுத்து, கிளார்க் வாழ்க்கையின் மொத்தத் தமிழையும் திரட்டி எழுதினேன்:

*பாதுகாப்புத் துறை மானியக் கோரிக்கை மக்களவையில் நிறைவேறியது! நமது வட்டாரம் பயன்பெற அரிய வாய்ப்பு! உரிய ஆவணங்களுடன் குடும்பத்தோடு வருக!*

கீழே உடையார்பாளையம் கல்யாண மண்டபம், சனிக்கிழமை காலை பத்து மணி, என் போன் நம்பர், கடைசி வரியில் சங்கத்தின் பெயர்.

ஆனி வாங்கிப் படித்தாள். "ஏங்க, மானியம்னு போடாதீங்க."

"போடாம? சட்டசபையிலயும் பார்லிமெண்ட்லயும் அதுக்குப் பேரே மானியக் கோரிக்கைதான். ஒரு துறைக்குச் செலவு பண்ண கவர்மெண்ட் சபைகிட்ட அனுமதி கேக்குது பாரு, அதான் மானியக் கோரிக்கை."

"அது சபையில. நம்ம ஊர்ல மானியம்னா உரம், மோட்டாரு, சொட்டுநீர்க் குழாய். கோரிக்கைன்னா மனு. எனக்குத் தெரிஞ்சது இம்புட்டுதான்."

"எட்டாவது படிச்சவ எனக்குத் தமிழ் சொல்லித் தரியா?" என்று கேட்டுவிட்டேன். அவள் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் பட்ட பாடு இனிமேல்தான் வருகிறது.

ஜெயங்கொண்டத்தில் பிளக்ஸ் கடை வைத்திருக்கும் பரிமளா நல்ல பெண், வேலையில் சுறுசுறுப்பு. சுறுசுறுப்புதான் பிரச்சினை. முதல் வரி நீளமாக இருந்ததால் 'துறை'யை எறும்பளவு ஆக்கிவிட்டாள். 'பாதுகாப்பு' ஒரு முழம், 'மானியக் கோரிக்கை' ஒரு முழம். சுற்றிலும் பச்சை நிறம், நாலு மூலையிலும் நெற்கதிர்.

"நெல்லு எதுக்கும்மா?"

"ஓரம் மொட்டையா இருந்துச்சு சார். வெவசாயக் கண்காட்சிக்குப் போட்ட டிசைன் கம்ப்யூட்டர்ல இருந்துச்சு, எடுத்து வச்சேன். அம்சமா இருக்குல்ல?"

அம்சமாகத்தான் இருந்தது. பத்து இடங்களில் கட்டச் சொன்னேன். மீன்சுருட்டியில் ஒன்று, ஆண்டிமடத்தில் ஒன்று, உடையார்பாளையம் கடைத்தெருவில் இரண்டு. கம்பத்தில் கட்டும்போது அடிப்பக்கம் சுருண்டு, சங்கத்தின் பெயர் உள்ளே போய்விட்டது. அதை நான் பிறகுதான் கவனித்தேன்.

இரண்டு நாளில் ஊரெல்லாம் அதே பேச்சு. டீக்கடையில் இரண்டு பேர், "பாதுகாப்பு மானியம் தராங்களாமே" என்று பேசிக்கொண்டார்கள். விளம்பரம் வேலை செய்கிறது என்று சந்தோஷமாகக் காசு கொடுத்துவிட்டு வந்தேன். போன் மேல் போன். "சார், ஆதார் போதுங்களா, ரேஷன் கார்டும் வேணுங்களா?" "சிட்டா கேப்பாங்களா, அடங்கல் கேப்பாங்களா?" முன்னாள் ராணுவத்தார் எதற்கு நிலத்து ரெக்கார்டைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று ஒரு நொடியாவது யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. "வூட்ல இருக்கிற எல்லா ஆவணத்தையும் தூக்கிட்டு வாங்க" என்று எல்லோருக்கும் ஒரே பதில் சொன்னேன். அந்தப் பதிலை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு நானும் ஆனியும் மண்டபத்துக்குப் போய் இறங்கினோம். முதல் நாள் இரவே வரமாட்டேன் என்று சொன்னவள், காலையில் புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றாள். ஏனென்று கேட்கவில்லை. மண்டபத்து வாசலில் டிராக்டர்கள், மினி வேன்கள், டூவீலர்கள். உள்ளே நாற்காலி நிறைந்து, சுவரோரம் நிறைந்து, சமையல் கட்டு வரைக்கும் ஆட்கள். ஐந்நூறு பேருக்குக் குறையாது. அழகேசன் சாப் பார்க்க வேண்டுமே என்று நெஞ்சு நிமிர்ந்தது.

நிமிர்ந்த நெஞ்சை முதலில் இறக்கியவர் கொளஞ்சி. மீன்சுருட்டிக்காரர், ஐம்பத்தைந்து வயதிருக்கும். கையில் மஞ்சள் பை, பைக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் மனு.

"சார், மீட்டருக்கு இம்புட்டுன்னு குடுப்பாங்களா, இல்ல ஏக்கருக்கு இம்புட்டுன்னா?"

"எதுக்கு?"

"வேலிக்கு."

"என்ன வேலி?"

"பன்னி வேலி சார். மக்காச்சோளத்த வுட மாட்டேங்குது. கூட்டமா எறங்கி ஒரே ராவுல உருட்டிட்டுப் போயிடுது."

"ஐயா, இது நாட்டுப் பாதுகாப்பு. எல்லைப் பாதுகாப்பு."

"நானும் அதத்தான சொல்றேன்? என் கொல்லைக்கு நாலு பக்கமும் எல்லைதான். நாலு பக்கமும் ஊடுருவுது."

அடுத்தவரைக் கேட்டேன். முந்திரித் தோப்பில் கொட்டை திருட்டுப் போகிறது, கேமரா வைக்க மானியம். அதற்கடுத்த அம்மாவுக்குக் காம்பவுண்டுச் சுவர், பக்கத்து வீட்டு ஆடு செம்பருத்தியை மேய்கிறது. இன்னொருவர் என் காதோரம் குனிந்து, "பட்டாளத்து நாய் ரிட்டயர் ஆனா கிடைக்குமாமே, எனக்கு ஒண்ணு எழுதிக்குங்க" என்றார். ஆள் ஆளுக்கு ஆதார் நகல், சிட்டா, அடங்கல், இரண்டு போட்டோ. ஒருவர்கூட வெறுங்கையோடு வரவில்லை. எங்கள் ஜனம் மனு போடுவதில் அப்படி ஒரு ஒழுங்கு.

திரும்பி ஆனியைப் பார்த்தேன். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். "நான் சொல்லலையா" என்று அவள் முகம் சொல்லும் என்று எதிர்பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

பதினோரு மணிக்குக் கர்னல் வந்தார். நல்ல தமிழ்க்காரர், நிதானமான மனிதர். கூட்டத்தைப் பார்த்து அசந்துபோய், "என்ன பெனடிக்ட், இவ்வளவு பேரும் நம்ம ஆளுங்களா?" என்று கேட்டார்.

"சார்... கொஞ்சம் கலந்து வந்திருக்காங்க சார்."

அவரோடு வந்த கிளார்க் மேடையில் மேஜை போட்டு, எங்கள் பட்டியலை வைத்துக்கொண்டு பெயர் கூப்பிட்டார். கூட்டத்தில் இடிபட்டு மிதிபட்டு வந்தவர்கள் தொண்ணூற்று மூன்று பேர். மற்றவர்கள் படுக்கையில், அல்லது மகன் வீட்டில், அல்லது கல்லறையில். பன்னிரண்டு மணிக்கு மேஜைக்கு முன்னால் யாரும் இல்லை. கர்னல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு மணிக்கு அவர் பெரம்பலூர் கிளம்ப வேண்டும்.

"வருத்தமா இருக்கு பெனடிக்ட். இருநூறுன்னு மேல இருந்து சொல்லிட்டாங்க. என் கையில இல்ல."

எனக்கு அழுகை வந்தது. அறுபத்தாறு வயதில், ஒரு கர்னல் முன்னால், பன்றி மனுக்களுக்கு நடுவில் அழுவது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கைக்குட்டையைத் தேடினேன். அந்த நேரம் பார்த்து ஒரு அம்மா என் சட்டையை இழுத்தார். அறுபது வயதிருக்கும், ஒல்லியான தேகம்.

"ஐயா, என் மனுவையும் வாங்கிக்குங்க. ரொம்ப நேரமா நிக்கிறேன். எம் பேரு காத்தாயி."

இருந்த ஆத்திரத்தில் வெடுக்கென்று வாங்கினேன். சிட்டாவை ஒரு பழைய அட்டைக்குள் வைத்து மடித்திருந்தார். அட்டையைப் புரட்டிப் பார்த்தேன். டிஸ்சார்ஜ் புத்தகம். பெயர் ராசாங்கம். பணிக்காலம் பதினெட்டு வருடம்.

"இது யாருதும்மா?"

"எங்க வூட்டுக்காரருது. வடக்க மலையில ரோடு போட்டாரு. செத்து ஒம்பது வருசம் ஆவுது. அட்ட கெட்டியா இருக்கேன்னு பத்திரத்த எல்லாம் அதுக்குள்ள வச்சிருக்கேன்."

"பென்சன் வருதா?"

"பேங்க்குல வருது."

"மருந்து?"

"சர்க்கர மாத்திரைதான? கடையில வாங்குவேன். கையில இல்லாத மாசம் வாங்க மாட்டேன்."

"உங்களுக்கு அது சும்மா கிடைக்கணுமேம்மா! யாரும் சொல்லலியா?"

"யாரு வந்து சொன்னா?"

எந்தத் தெரு என்று கேட்டேன். சொன்னார். சங்கக் கூட்டத்துக்கு வரும்போதெல்லாம் என் வண்டி அந்தத் தெருமுனையைத் தாண்டித்தான் வரும். எட்டு வருடம் தாண்டியிருக்கிறேன். ஒருநாளும் உள்ளே திரும்பியதில்லை. எங்கள் பட்டியலில் இருந்த நூற்று முப்பத்தொரு பேரும் எங்களைத் தேடி வந்தவர்கள். நாங்கள் தேடிப் போய்ச் சேர்த்தவர் ஒருவர்கூட இல்லை. செயலாளர் என்ற பெயரில் நான் ஒரு பீரோவுக்குக் காவல் இருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

வெட்கத்துக்குப் பின்னாலேயே ஒரு யோசனையும் வந்தது. இந்த அம்மா இங்கே இருக்கிறார் என்றால், இந்தக் கூட்டத்தில் இன்னும் எத்தனை பேர்?

மைக்கைப் பிடுங்கினேன். "முன்னாள் படைவீரர்கள் மட்டும் கை தூக்கவும்!"

ஐந்நூறு கைகள் உயர்ந்தன. கை தூக்கினால் மானியம் என்று நினைத்துவிட்டார்கள். ஆடு மேய்ந்த செம்பருத்திக்காரம்மா இரண்டு கையையும் தூக்கினார். கர்னல் நெற்றியைத் தடவிக்கொண்டார்.

கை பொய் சொல்லும். குதிகால் பொய் சொல்லாது. அது எனக்குத் தெரியும். மைக்கைக் கீழே வைத்துவிட்டு நாற்காலி மேல் ஏறினேன். இருபத்திரண்டு வருடம் பேனா பிடித்தவன்தான், ஆனாலும் காலைப் பரேடுக்கு யாரும் விடுப்பு கொடுத்ததில்லை. அடிவயிற்றிலிருந்து எடுத்துக் கத்தினேன்:

"சாவ்தா...ன்!"

பரேடு மைதானத்தில் நேராக நில் என்பதற்கு அந்த ஒரு சொல்தான். மண்டபத்தில் 'டக்'கென்று ஒரு சத்தம் கேட்டது. செருப்புக் குதிகால்கள் சேர்ந்த சத்தம். சுவரோரத்தில் ஒருவர், தூணுக்குப் பின்னால் மூவர், சமையல் கட்டு வாசலில் ஒரு கும்பல். வேட்டிக் கட்டோடு, துண்டோடு, மடித்துக் கட்டிய லுங்கியோடு நெஞ்சை நிமிர்த்தி, முஷ்டியைத் தொடையில் ஒட்டி, நேர்ப் பார்வையோடு நின்றார்கள். ஏன் நிற்கிறோம் என்று அவர்களுக்கே தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் பயந்து விலகினார்கள். மேடையில் கர்னலின் காலும் சேர்ந்துவிட்டது. அவர் அதைச் சமாளித்துக்கொண்டு இருமினார்.

என் முன்னால், பன்றி மனுவை மடக்கிய விரலுக்குள் பிடித்தபடி சிலைபோல் நின்றவர் கொளஞ்சி.

"நீங்களா? எந்த யூனிட்டு?"

"மெட்ராஸ் சாப்பர்ஸ் சார், பாலம் போடுற படை. பதினேழு வருசம்."

"ஏன் சங்கத்துல சேரல?"

"சங்கம்னா ஒருத்தருக்கொருத்தர் மாலை போட்டுக்குவீங்கன்னு நெனச்சேன் சார். யாரும் கூப்புடவும் இல்ல."

"டிஸ்சார்ஜ் புக்கு?"

கொளஞ்சி மஞ்சள் பையைத் தட்டினார். "எல்லா ஆவணத்தையும் தூக்கிட்டு வாங்கன்னு நீங்கதான போன்ல சொன்னீங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஜனம் எல்லாப் பத்திரத்தையும் ஒரே பையில்தான் வைக்கும். சிட்டா எடுக்கத் தூக்கிய பையில், டிஸ்சார்ஜ் புத்தகமும் தானே வந்திருந்தது.

பட்டியலில் இல்லாமல் அப்படி நின்றவர்கள் எழுபத்தொரு பேர். மொத்தம் நூற்று அறுபத்து நான்கு. மணி பன்னிரண்டே முக்கால்.

"வீரர்களின் கைம்பெண்கள், சார்ந்தோர் யாரேனும்..." என்று மைக்கில் ஆரம்பித்தேன். யாரும் அசையவில்லை. காத்தாயி அம்மாவே என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கே புரியவில்லை.

கடைசி வரிசையில் ஆனி எழுந்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு நாற்காலிகளுக்கு நடுவில் நடந்து வந்து, என் கையிலிருந்த மைக்கை வாங்கினாள். வாழ்க்கையில் அவள் மைக் பிடித்தது அதுதான் முதல் தடவை.

"ஏம்மா, உங்க வூட்டுக்காரரு பட்டாளத்துல இருந்தாரா? உயிரோட இருந்தாலும் சரி, செத்துப் போயிருந்தாலும் சரி. அப்புடி இருந்தா இங்க வாங்க. மாத்திர சும்மா தராங்க. உங்க வூட்டுக்காரரு சம்பாரிச்சு வச்சிட்டுப் போன மாத்திர அது."

பட்டாளம். எட்டு வருடமாக லெட்டர் பேடிலும் பிளக்ஸிலும் நான் 'முன்னாள் படைவீரர்' என்று எழுதிக்கொண்டிருந்தேன். ஊரில் யாரும் தன் புருஷனை அப்படிச் சொன்னதில்லை. பெண்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்தார்கள். முதலில் காத்தாயி அம்மா, அவர் பின்னால் நாற்பத்தேழு பேர். கேமராவுக்கு வந்தவர்கள், வேலிக்கு வந்தவர்கள். செம்பருத்திக்காரம்மாவும் வந்தார். ஆனி வரிசையை ஒழுங்குபடுத்தினாள். பரேடு மைதானத்தில் சுபேதார்கூட அப்படி விரட்டி நான் பார்த்ததில்லை.

பெரம்பலூர்ப் பயணத்தைக் கர்னல் தள்ளிப்போட, ஒன்றரை மணிக்குக் கிளார்க் பேனாவை மூடினார். இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள்.

கர்னல் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். "பெரம்பலூருக்கு வாரத்துல ரெண்டு நாள் டாக்டரோட வேன் அனுப்புறதா எழுதிடறேன். அழகேசன் சாபும் நம்ம ஆளுதானே. ஆமா பெனடிக்ட், இந்தப் பன்றி மனுவெல்லாம் யாருக்கு? பாதுகாப்பு அமைச்சகத்துக்கா?"

"நானே பாத்துக்கிறேன் சார்" என்றேன். முந்நூற்றுச் சொச்சம் மனுக்களையும் ஊர்வாரியாக அடுக்கி, முகப்புக் கடிதம் எழுதி, திங்கட்கிழமை வேளாண்மை ஆபீசில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அது எனக்கு நானே கொடுத்துக்கொண்ட தண்டனை. கொளஞ்சி இன்றுவரை என்னைப் பார்க்கும்போதெல்லாம் விறைப்பாக நின்று, "வேலி என்னாச்சு சார்?" என்று கேட்கிறார்.

அழகேசன் சாப் போன் போட்டபோது, "கிளினிக்கு நம்ம பக்கம்தான் சாப். வறுக்கிறதுக்கு மாத்திர வேணும்னா சொல்லுங்க, வேன்ல குடுத்து வுடறேன்" என்றேன். வேன் என்றைக்கு வரும் என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அடுத்த நான்காவது மாதம் உடையார்பாளையத்தில் ஒரு வாடகை வீட்டில் கிளினிக் திறந்தார்கள். வாசலுக்குப் போர்டு எழுத வேண்டும் என்று என்னிடம் கேட்டார்கள். ஆங்கிலத்தில் அவர்கள் முறைப்படி ஒன்று இருந்தது, அதற்குக் கீழே தமிழில் ஊர்க்காரர்களுக்குப் புரிகிற மாதிரி ஒன்று வேண்டுமாம். தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு ஆனியிடம் போனேன்.

"நீ சொல்லு. நான் எழுதறேன்."

"எட்டாவது படிச்சவகிட்டயா?"

"தப்புதான் ஆனி. சொல்லு."

அவள் சொன்னாள். 'பட்டாளத்துக்காரங்க ஆசுபத்திரி' என்று எழுதிக்கொண்டு போனேன். பரிமளா அதை ஒரு முழ எழுத்தில் அடித்துக் கொடுத்தாள். நெற்கதிர் வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னேன்.

திறந்த அன்று முதல் டோக்கன் காத்தாயி அம்மாவுக்கு, இரண்டாவது ஆனிக்கு. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து முட்டி வலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் ஆனியிடம், "மாத்திரை ஒழுங்கா எடுத்துக்கிறீங்களாம்மா?" என்று கேட்டார். ஆனி இடுப்பிலிருந்து அந்தச் சின்னச் செப்பை எடுத்துத் திறந்து, அரை மாத்திரைகளை டாக்டரின் மேஜை மேல் கொட்டினாள்.

"இம்புட்டு நாளா இப்புடித்தான். இனிமே இது வேணாம், வச்சுக்குங்க" என்றாள்.

புது மாத்திரை வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். வாசலில் தண்ணீர்க் குழாய் இருந்தது, பக்கத்திலேயே பெண்களுக்கென்று தாழ்ப்பாள் போட்ட கழிவறையும் இருந்தது. ஆனி அதை ஒருமுறை திறந்து உள்ளே பார்த்துவிட்டு வந்தாள். பிறகு ஒரு முழு மாத்திரையை வாயில் போட்டு, ஒரு சொம்புத் தண்ணீரையும் நின்ற இடத்திலேயே குடித்து முடித்தாள்.

எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. நல்ல தமிழில் ஒரு வாக்கியம்கூடத் தயாராக இருந்தது. வாயை மூடிக்கொண்டு, இன்னொரு சொம்பு பிடித்துக் கொடுத்தேன்.